எருமை கேசட்

கேசட்டின் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் நம் வயசுக்காரர்கள் என்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம். முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே படித்துவிடுவீர்கள்.

போன வாரம் பொன்னேரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண், செல்போனில் பாட்டை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். பாடிக்கொண்டிருந்தது என் மாமா.

“இது யாரும்மா பாடறது?” என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

“யாரோ பழைய நாட்டுப்புறப் பாடகராம் ஆன்ட்டி. எருமைக்கெல்லாம் பேர் சொல்லிப் பாடுவாராம். செம காமெடியா இருக்கும்.”

“யாரோ இல்லை. எங்கம்மா கூடப் பிறந்த தம்பி” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. அவளுக்கும் போய்விட்டது என்று நினைக்கிறேன், பாவம். அவளுக்கு அவசரமாகச் சொன்னதை உங்களுக்கு நிதானமாகச் சொல்கிறேன்.

என் மாமா பாடகரான விதத்தைப் பற்றி மேடையில் மாலை போடுகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிறவி ஞானம் என்பார்கள், அம்மன் நாக்கில் எழுதினாள் என்பார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. அவருக்கு நீச்சல் தெரியாது. அதனால் பாட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், நெல் விளைகிற ஊர். எதிரே ஏரிக்குள் ஒரு தீவு. அதன் ஒரு முனையில் மீனவர் குப்பமும் அவர்களுடைய அம்மன் கோயிலும். மறுமுனை முழுக்கப் புல். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் நாற்று விட்டிருப்போம். எருமை ஊருக்குள் சுற்றினால் நாற்றங்காலில் வாய் வைக்கும், அப்புறம் வீட்டுக்கு வீடு சண்டைதான். அதனால் ஊர் எருமைகள் முப்பதும் காலையில் ஏரியைக் கடந்து தீவுக்குப் போய் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும். குப்பத்துக்காரர்கள் ஏரியில் கழி நட்டு இறாலுக்குச் சுத்து வலை கட்டுவார்கள். ஆனால் எங்கள் கரையிலிருந்து அந்தப் புல்வெளி முனைவரை இரண்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு கழிகூட நட மாட்டார்கள். அதற்கு எருமை வழி என்று பெயர். பதிலுக்கு அவர்கள் வீட்டுக் கூரைக்கு எங்கள் ஊர் வைக்கோல் போகும். அவர்களுடைய அம்மன் திருவிழாவுக்குப் பானை பானையாகத் தயிர் போகும்.

எருமை மேய்க்கிறவன் முதல் எருமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து போவதுதான் வழக்கம். எங்கள் வீட்டிலேயே தங்கி ஊர் எருமைகளை மேய்த்த மாமாவுக்கோ முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். சொல்லப்போனால் எங்கள் ஊரில் எவருக்குமே நீச்சல் தெரியாது. நாங்கள் வயல்காரர்கள், ஏரியைப் பார்ப்பதோடு சரி. காலையில் குப்பத்துப் பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஒரு படகு சும்மா திரும்பும். மாமா அதில் ஏறிக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி, முன்னாலேயே தீவுக்குப் போய்விடுவார். அங்கே நின்றுகொண்டு எருமைகளைக் கூப்பிட்டார். கேட்கவில்லை. பாடினார். கேட்டது. அவ்வளவுதான் அவருடைய ஞானம்.

*கருப்பி வாடி, கரை தெரியுது வாடி*
*வளைகொம்பி வாடி, வழி தெரியுது வாடி*
*தண்ணி கழுத்து மட்டும், தரை காலு மட்டும்*
*நடுவுல என் பாட்டிருக்குது நம்பி வாடி*

இதுதான் தொடக்கம். இதற்குப் பிறகு முப்பது எருமைக்கும் தனித்தனியாக அடி உண்டு. தன் அடி வந்தால்தான் அது தண்ணீரில் இறங்கும். வாத்தியார் வீட்டு எருமை ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை, வந்தாலும் தூங்கிவிடும் என்று ஒரு அடி. ஊரே சிரித்தது, வாத்தியாரைத் தவிர. எங்கள் வீட்டு எருமைக்கு மகராணி என்று பேர். அதற்கு,

*மாமன் வீட்டு மகராணி மறுபடியும் கோவிச்சா*
*மாலை போட ஆளிருக்கா, மதகு வரைக்கும் வாடியம்மா*

என்று கெஞ்சலாக ஒரு அடி. மாமன் என்றது என் நைனாவை. அக்காள் புருஷன், முறை சரிதானே. மகராணியும் நைனாவும் ஒரே சுபாவம், இரண்டு பேரும் லேசில் அசைய மாட்டார்கள். மாமா பாடியது எருமையை மட்டும்தானா என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம் உண்டு.

மத்தியானத்தில் எருமைகள் புல்லில் படுத்த பிறகு மாமாவுக்கு வேலை இல்லை. வாரத்தில் ஒருநாள் படகு பிடித்துக் கரைக்கு வந்து, எளாவூர் போகிற ஏதாவது ஒரு வண்டியில் தொற்றிக்கொள்வார். ஆந்திரா எல்லையிலிருக்கிற எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் டீக்கடையில் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாமா அங்கே பாடினார். தமிழ் தெரியாத தெலுங்கு டிரைவர்கள்கூட பெஞ்சில் தாளம் போட்டார்கள். அங்கேதான் சென்னையிலிருந்து வந்த ஒரு கேசட் கடைக்காரர் அவரைக் கேட்டார். இரண்டே வாரத்தில் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஒரு அறைக்குள் நிறுத்திவிட்டார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறையாம்.

“எதுர்ல தண்ணியும் இல்ல, எருமையும் இல்ல. யாருக்குக்கா பாடறது? வாயே வரல” என்று மாமா அம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. விளக்கை அணைக்கச் சொன்னாராம். கண்ணை மூடிக்கொண்டு, காலையில் தீவில் நின்று கூப்பிடுவது போலவே கூப்பிட்டாராம், முப்பதையும், ஒன்று விடாமல். அதுதான் கேசட்டில் பதிவானது. அட்டையில் மட்டும் மூக்கு சிவந்த ஒரு வெள்ளைப் பசுவின் படம். “எருமைக்குப் பாட்டு, பசுவுக்குப் படமா?” என்று மாமாவுக்கு அது கடைசிவரை ஆறவேயில்லை.

நைனாவுக்கோ அட்டையும் பிடிக்கவில்லை, உள்ளே இருந்ததும் பிடிக்கவில்லை. “லாரிக்காரனுங்க உன்னைப் பாத்து சிரிக்கிறானுங்கடா. அதைப் பாராட்டுனு நெனச்சிக்கினு வரியே. எருமை மேய்க்கிறவன் எருமைய மேய். எளாவூர் பக்கம் இனிமே காலை வெக்காதே. அந்தக் கேசட்டும் என் வூட்டுக்குள்ள வரக்கூடாது” என்று சொல்லிவிட்டார். நைனா மோசமானவர் இல்லை. மச்சினனை யாராவது ஏளனம் செய்துவிடுவார்களோ என்று பயந்தார். அந்தப் பயத்தைக் கோபமாகக் காட்டத்தான் அவருக்குத் தெரிந்தது. இது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

கேசட் வீட்டுக்குள் வரத்தான் செய்தது. மாமா துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் காட்டுகிற கற்பூரம் படத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்பக்கமும் போய்வரும். நைனா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

இதில் ஒரு கூத்து. எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரே கிடையாது. மாமா பாடுகிற காலை நேரத்தில் அம்மா வயலில் நிற்பாள், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும். ஆக, தம்பி பாடகன் என்று பூரித்துப்போயிருந்த என் அம்மா அவர் பாட்டை முழுசாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அட்டையை எடுத்துத் துடைப்பாள், பசுவைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். எனக்கு அப்போது பத்து வயசு. அவள் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

குப்பத்திலிருந்து படகில் வந்து என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அண்ணன் மைக்செட் வைத்திருந்தார். ஆடித் திருவிழாவுக்கு அவர்தான் கோயிலில் ஸ்பீக்கர் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். நான் கேசட்டைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உருவி, பாவாடைக்குள் சொருகிக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

“ஞாயித்துக்கெழமை காலையில போடச் சொல்லுடி. குழாயை எங்க கரைப் பக்கம் திருப்பி வெச்சி, சத்தமா. எங்கம்மாவுக்குக் கேக்கணும்.”

“இன்னாடி பெரிய விஷயம்? எங்கண்ணன் போட்டா எளாவூருக்கே கேக்கும்” என்றாள் அவள்.

திருவிழா அன்றைக்கு எருமைகள் தீவுக்குப் போவதில்லை. கரையோரச் சேற்றுக் குட்டையில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. நைனா வயலுக்குப் போயிருந்தார். மாமா யாருக்கும் சொல்லாமல் எளாவூர் போய்விட்டார், அவரைப் பார்க்கவென்றே ஒரு டிரைவர் காத்திருப்பதாகச் சேதி வந்திருந்தது. நான் வறட்டி எடுக்கலாம் வா என்று அம்மாவைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வறட்டியின் காய்ந்த வாசனையும் ஏரியின் உப்புக் காற்றும் சேர்ந்த ஒரு வாசனை அந்தக் கரைக்கு உண்டு. அம்மா கூடையை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டாள். அப்போது குழாய் கரகரத்தது.

*கருப்பி வாடி, கரை தெரியுது வாடி...*

அம்மா நின்றுவிட்டாள். கூடையை இறக்கவில்லை. “ஏன்டி, இது அவனா?” என்றாள் மெதுவாக. “மாமாதாம்மா” என்றேன். தலையில் பாரத்தோடு, ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி, ஏரியைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்குவேன் என்று நினைத்தேன்.

ஒரு நிமிஷம்தான் கிடைத்தது. பின்னால் சொதசொதவென்று சேறு வழிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் குட்டை காலி. முப்பது எருமையும் காதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றன. மாமா அக்கரையில் நிற்கிறார், கூப்பிடுகிறார், நாம் இங்கே என்ன செய்கிறோம் என்று கருப்பி முதலில் இறங்கியது. நான் குறுக்கே ஓடிக் கையை விரித்தேன். என்னைச் சுற்றிக்கொண்டு போயின. கழுத்துவரை தண்ணீரில் கறுப்புக் கறுப்பாய்த் தலைகள், வரிசையாக. அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை. மாமா எப்போதும் புல்வெளி முனையில் நின்று கூப்பிடுவார், அதனால் எருமை வழியாகப் போகும். அன்றைக்குக் குரல் கோயில் முனையிலிருந்து வந்தது. குரலை நோக்கி நேராகப் போயின. நடுவில் இருந்ததெல்லாம் சுத்து வலை.

அங்கே நடந்ததைச் சிநேகிதி சொல்லித்தான் கேட்டேன். கழிகள் படபடவென்று முறிந்தனவாம். கொம்பில் வலையை மாலை மாதிரி போட்டுக்கொண்டு முப்பது எருமையும் பந்தலுக்குள் நுழைந்ததாம். வெளியூரிலிருந்து வந்திருந்த கச்சேரிக்காரர்கள் ஆர்மோனியத்தோடு மேடைக்கு அடியில் புகுந்துகொண்டார்களாம். வாத்தியார் வீட்டு எருமை கூழ் அண்டாவில் வாய் வைத்ததாம். வேளைக்கு வந்தது அதன் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். இதைச் சொல்லும்போது அவள் சிரித்துச் சிரித்து அழுதாள். ஆனால் அழவேண்டிய விஷயமும் இருந்தது. இறால் பிடிபடுகிற நாளில் ஏழெட்டு வீட்டு வலை நாசமாகிப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை குப்பத்தார் படகுகளில் வந்து எங்கள் கரையில் இறங்கினார்கள். அவர்களுடைய ஊர்ப் பெரியவர், காதில் சுருட்டைச் செருகியிருந்தவர், முதலில் பேசினார்.

“வழி வுட்டு வெச்சிருக்கறோம். வழியில வராம வலை மேல வந்தா இன்னாயா அர்த்தம்? எருமை தானா வருமா? எவனோ ஓட்டி வுட்டிருக்கான்.”

“எவனோ இன்னா எவனோ? திருவிழாவுக்கு வெளியூர்க் கச்சேரி கூட்டியாந்தோம், இவரைக் கூப்புடல. அந்தக் கடுப்பு” என்று ஒரு இளவட்டம் மாமாவைக் கைகாட்டினான்.

நைனா மாமாவைப் பார்த்தார். “முந்தாநாள் காலையில நீ எங்கடா இருந்தே?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எளாவூரில் பாடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நைனாவின் பேச்சை மீறியது ஊர்ச் சபையில் தெரிந்துவிடும், அவருக்கு அவமானம் என்று பேசாமல் இருந்தார். நைனா அந்த மௌனத்தைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டார். ஒருவர் மானத்தை இன்னொருவர் காப்பாற்றப் போய் இரண்டு பேரும் கெட்டார்கள்.

எருமை வழியை அடைத்துவிட்டோம், இனி தீவுப் புல் கிடையாது என்றார்கள் குப்பத்தார். நாற்று முளைத்த நேரத்தில் முப்பது எருமையை எங்கே கட்டுவது? ஊரே நைனாவைப் பார்த்தது. நைனா எழுந்து சொன்னார், “பாட்டு தலைக்கு ஏறிப்போச்சு, அதான் இவ்வளவும். வெள்ளிக்கெழமை நம்ம கரை அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணுவான். இனிமே இவன் வாய்ல பாட்டு வராது. வழியத் தொறந்து வுடுங்க.”

மாமா தலையாட்டினார். பாடாமல் இவன் எருமையை எப்படித் தீவுக்கு அழைப்பான் என்று அங்கிருந்த ஐம்பது பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சத்தியத்தை எங்கள் பக்கம் யாரும் மீறியதில்லை. மாமாவும் மீற மாட்டார். அந்த மூன்று நாளும் அவர் ஒரு சத்தமும் போடவில்லை. பால் கறக்கும்போது உதடு மட்டும் அசையும். மகராணி திரும்பித் திரும்பிப் பார்த்தது, கால் மாற்றி நின்றது, பாலைச் சரியாக விடவில்லை. வியாழக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்புறம், “நீ வாயத் தொறக்காதே. அவன் பாட்டுதான் போச்சு, உன் முதுகாவது மிஞ்சட்டும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. இரண்டு ஊரும் எங்கள் கரையோர அம்மன் கோயில் முன்னால் கூடியிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது. மாமா உள்ளங்கையை அதற்கு மேல் கொண்டுபோனார். என்னால் தாங்க முடியவில்லை.

“மாமா, அணைக்காதே!” என்று கத்திவிட்டேன். “நான்தான் கேசட்டைக் குடுத்தேன்! பாட்டைக் கேட்டுத்தான் எருமை போச்சு! நான் பாத்தேன்!”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மைக்செட் அண்ணனும் கூட்டத்திலிருந்து, “ஆமா, நான்தான் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்துல எருமைங்க வந்துச்சு. எனக்கு இப்பதான் உறைக்குது” என்றார்.

குப்பத்துப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “இன்னா பாப்பா சொல்றே? டேப்புல பாட்டு கேட்டு எருமை வருமா? அப்ப நாங்க எதுக்கு வலைய கட்டிக்கினு பேஜார் படணும்? மீனுக்கு ரெண்டு பாட்டு போட்டுட்டு வூட்ல படுத்துக்கலாமே!”

எல்லாரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “அந்தக் கேசட்டு நம்ம வூட்லயா இருந்துச்சு?” என்று கேட்டார்.

“இருந்துச்சு” என்றாள் அம்மா. “சாமி படத்துக்குப் பின்னால.”

சிரித்தவராக இருந்தாலும் பெரியவர் நியாயஸ்தர். “சரி, போட்டே பாத்துடுவோம். வலையெல்லாம் எடுத்துடுங்கடா. எருமை வந்துச்சுனா சத்தியமும் வாணாம், வழியையும் தொறக்கறேன். வரலைனா கற்பூரம் இங்கதான் கீது” என்றார். மைக்செட் அண்ணன் படகில் போனார். எங்கள் கரையிலிருந்து வெள்ளைத் துணியை ஆட்டினால் அவர் பாட்டுப் போட வேண்டியது என்று ஏற்பாடு.

துணி ஆடியது. பாட்டு வந்தது. எருமைகள் காதைத் தூக்கின. எழுந்தன. கரையில் நின்றிருந்த மாமாவைப் பார்த்தன. மறுபடியும் சேற்றில் படுத்துவிட்டன.

கூட்டம் ஓவென்று கத்தியது. “போதும்” என்றார் நைனா. அவர் குரல் உடைந்திருந்தது. கற்பூரத் தட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கையை நீட்டினார்.

அம்மா ஊர்க் கூட்டத்தில் அதுவரை வாயைத் திறந்தவள் இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இன்னாங்கய்யா பெரிய மனுசங்க நீங்க? ஆளு இக்கரையில நிக்கறான், குரலு அக்கரையில கேக்குது. மாடு எதை நம்பும்? நீங்களா இருந்தா எதை நம்புவீங்க? அவனை மொதல்ல கண்ணுல படாம அனுப்புங்க. அப்புறம் பாட்டைப் போடுங்க.”

பெரியவர் சுருட்டைக் காதிலிருந்து எடுத்து அம்மாவையே பார்த்தார். “இந்த அம்மா சொல்றது ஞாயம்தான்” என்றார். மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில், ஏரிக்கு முதுகைக் காட்டிய அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதனால்தான் அன்றைக்கு நடந்ததை இரண்டு ஊரும் பார்த்தது, மாமா மட்டும் பார்க்கவில்லை. பிற்பாடு எத்தனையோ மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லுவார், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

இரண்டாம் முறை துணி ஆடியது. கருப்பி எழுந்து இடம் வலம் பார்த்தது. மாமா இல்லை. தண்ணீரில் இறங்கியது. பின்னால் வளைகொம்பி. தன் தன் அடி வர வர ஒவ்வொன்றாய் இறங்கின. வாத்தியார் வீட்டு எருமை, தன் அடி முடிந்து இன்னும் இரண்டு எருமை போன பிறகு, கொட்டாவி விட்டபடி எழுந்தது. அதைப் பார்த்ததும் பெரியவரால் தாங்க முடியவில்லை. “அடடா! இன்னா மஜாவா கீதுயா!” என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வலை போன வீட்டுக்காரர்களே கைதட்டினார்கள். பெரியவர் அங்கேயே ஆளை அனுப்பி வழியை அடைத்த கழிகளைப் பிடுங்கச் சொன்னார்.

அதிலிருந்துதான் மாமாவுக்கு நல்ல காலம். மைக்செட் குழாயைப் புல்வெளி முனையில் ஒரு கம்பத்தில் கட்டினார்கள். காலையில் கேசட் பாடும், எருமைகள் ஒழுங்காக வழியில் போகும். மேய்க்கிற வேலையைக் கேசட் பார்த்துக்கொண்டது, மாமா மேடைக்குப் போனார். மறு வருஷம் குப்பத்துத் திருவிழாவில் அவர்தான் கச்சேரி. பெரியவரே வந்து அழைத்தார். பிறகு பசியாவரம், லைட்ஹவுஸ் குப்பம், எல்லை தாண்டி ஆந்திராப் பக்கம் என்று எல்லா ஊர்த் திருவிழாவிலும் பாடினார். ரேடியோவில் பாடினார். இன்னும் நாலு கேசட் வந்தது, எல்லாவற்றிலும் எருமைப் படம்தான் போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். மீன்காரம்மாவைப் பற்றி, லாரி டிரைவரைப் பற்றி, ஏன், பெரியவரின் சுருட்டைப் பற்றிக்கூடப் பாட்டுக் கட்டினார். நீச்சல் மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அந்த முதல் கேசட் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் நாடா அறுந்து, எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, சொல்வதற்குள் அவள் இறங்கிவிட்டாள். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டாம் முறை, பாட்டில் எங்கள் மகராணியின் அடி வந்தது. மாமன் வீட்டு மகராணி மறுபடியும் கோவிச்சா. அதுவரை கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நைனா அதைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினார். அந்தப் பாட்டை அவர் முழுசாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. மகராணி எழுந்து, உடம்பை உதறி, தண்ணீருக்குள் போயிற்று. அதன் பின்னால் நைனாவும் இறங்கினார். பஞ்சாயத்துக்கென்று உடுத்தியிருந்த வெள்ளை வேட்டியோடு, மடித்துக்கூடக் கட்டாமல்.

எருமையைத் திருப்பப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. மகராணி எங்கேயோ போய்விட்டது, நைனா நிற்கவில்லை. அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். குப்பத்துப் பெரியவரின் சிரிப்பு நின்றது. “யோவ், இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாதேயா!” என்று கத்திக்கொண்டே படகைத் தள்ளினார். நான் ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டேன், என்னை இறக்கிவிட அவருக்கு நேரமில்லை.

நாங்கள் கிட்டே போனபோது மார்பளவு தண்ணீரில் நைனா அசையாமல் நின்றிருந்தார். வேட்டி அவரைச் சுற்றிலும் விரிந்து மிதந்தது. முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பி, ஒரு காதைச் சாய்த்து வைத்திருந்தார். அவர் அப்படி நின்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“இன்னாபா, எங்கபா போறே? ஏறு படகுல!” என்று பெரியவர் கையை நீட்டினார்.

நைனா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி அவரைத் தடுத்தார்.

“இருய்யா. பாட்டு முடியட்டும்.”